மோதிரத்துக்குள் தெரியும் அறை
வாசகர் கேள்வி – பதில்

வீட்டு மேசையில் வைத்துச் சிறு பொருள்களைப் படம் எடுப்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று இரண்டு இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களை எல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு படித்தேன். பாதிப் பேர் விளக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் கேட்டிருப்பது கேமராவைப் பற்றி. ஆனால் அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தால் அவர்களுக்கும் சிக்கல் வெளிச்சத்தில்தான்.

நான் 22 ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். முதல் ஒன்பது ஆண்டுகள் விலைப்பட்டியல்களுக்குப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவில். அதன் பிறகு வீட்டில், ஜன்னலை ஒட்டிய இரண்டடி அகல மேசையில். கீழே சொல்லியிருப்பவை எல்லாம் அந்த மேசையில் நான் செய்து பார்த்தவை.

கேள்வி: கையால் சோப்பு செய்து விற்கிறேன். படங்கள் தட்டையாகவும் அழுக்குப் படிந்தது போலவும் வருகின்றன. இரண்டு விளக்குகள் கொண்ட செட் வாங்கலாமா, மூன்று விளக்குகள் கொண்டது வாங்கலாமா?
– சோப்பு செய்யும் வாசகி

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நேர் வெயில் விழாத ஜன்னல் ஒன்று வீட்டில் இருக்கும். மேசையை அதன் அருகே இழுத்துப் போடுங்கள். ஜன்னல் உங்கள் இடக்கைப் பக்கமோ வலக்கைப் பக்கமோ இருக்கட்டும்; முதுகுக்குப் பின்னால் மட்டும் இருக்கக்கூடாது. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்தவை.

உங்கள் சோப்பின் மேல் ஓர் இலை அச்சு இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. வெளிச்சம் முன்னாலிருந்து நேராக வரும்போது இலை நரம்புகளின் பள்ளத்துக்குள்ளும் மேட்டுக்குச் சமமாகப் போய் நிரம்பிவிடுகிறது. பள்ளமும் மேடும் ஒரே நிறமாகி இலை மறைந்துபோகிறது. அதே வெளிச்சம் பக்கவாட்டில் சற்றுத் தாழ்வாக வந்தால், ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு கரை வெளிச்சமும் மறு கரை நிழலுமாகப் பிரியும். சோப்பை நகர்த்தாமல் மேசையை மட்டும் கால்வட்டம் திருப்பிப் பாருங்கள். இலை மெல்ல எழுந்து வருவதைக் கண்ணாலேயே காணலாம். அந்தக் கணம் தெரியும்வரை கேமராவைக் கையில் எடுக்க வேண்டாம்.

நிழல் விழும் பக்கம் இருண்டு போனால் அங்கே ஒரு வெள்ளை அட்டையை நிறுத்துங்கள். தெர்மோகோல் துண்டும் போதும். பொருளிலிருந்து ஒரு சாண் தூரத்தில் தொடங்கி, பக்கத்தில் கொண்டுவருவதும் தள்ளி வைப்பதுமாகச் செய்துபாருங்கள். மிக நெருக்கமாக வைத்தால் நிழலே இல்லாமல் மறுபடி தட்டையாகிவிடும்.

அழுக்குப் போலத் தெரிவதற்குக் காரணம் நீங்கள் அணைக்காமல் விட்ட கூரை விளக்கு. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் ஏறும், குறைந்தால் மஞ்சள் ஏறும். பகல் வெளிச்சத்தின் நிறம் சுமார் 5500 கெல்வின். வீட்டு மஞ்சள் விளக்கு 2700 கெல்வின் அளவில் இருக்கும். ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக விழும்போது கேமராவால் இரண்டையும் ஒரே சமயத்தில் வெள்ளையாக்க முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். இடையில் அகப்பட்ட உங்கள் வெள்ளைச் சோப்பு கறை பிடித்தது போல ஆகிறது. அறை விளக்குகள் எல்லாவற்றையும் அணைப்பதுதான் என் முதல் வேலை. பக்கத்து அறைக் கதவைக்கூடச் சாத்திவிடுவேன்.

கேள்வி: பகலில் வேலைக்குப் போகிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் படம் எடுக்க முடியும். மேசை விளக்கு ஒன்று இருக்கிறது. அதில் எடுத்தால் நிழல் கன்னங்கரேலென்று விழுகிறது.
– மரப் பொம்மைகள் செதுக்கும் வாசகர்

மேசை விளக்கு ஒன்று போதும். நிழலின் கடுமை விளக்கின் விலையைப் பொறுத்ததில்லை. பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எத்தனை பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் எவ்வளவோ பெரியது. ஆனால் வானத்தில் அது அடைத்துக்கொள்ளும் இடம் சுமார் அரை டிகிரி. அதனால்தான் வெயிலில் நிழல் கத்தரித்தது போல விழுகிறது. மேகம் மூடிய நாளில் வானம் முழுவதுமே விளக்காகிவிடுகிறது. நிழலைத் தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் மேசை விளக்கை மேகமூட்டமாக்க ஒரு டிரேசிங் பேப்பர் தாள் போதும். தாளை ஓர் அட்டைச் சட்டத்தில் ஒட்டி, பொம்மைக்கு ஒரு பக்கத்தில், படத்தில் விழாத அளவுக்கு மிக நெருக்கமாக நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் ஓரடி தள்ளி விளக்கு. வெளிச்சம் தாள் முழுவதும் பரவ வேண்டும். நடுவில் ஒரு பொட்டாக மட்டும் விழுந்தால் விளக்கை இன்னும் பின்னால் தள்ளுங்கள். இனி பொம்மைக்கு விளக்கு அந்தத் தாள்தான். தாள் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு பக்கமோ, நிழல் அவ்வளவு மென்மையாகும். 40 செ.மீ. தாளை 30 செ.மீ. தூரத்தில் வைத்து ஒரு படமும், ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து ஒரு படமும் எடுத்து நிழலின் ஓரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: எல்இடி பல்பு மட்டும் பயன்படுத்துங்கள். ஹாலஜனும் பழைய இழை பல்பும் தாளையும் துணியையும் கருக்கிவிடும், தீப்பிடிக்கவும் செய்யும்.

பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ என்ற எண்ணைப் பாருங்கள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது; உச்சம் 100. 90-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நிறம் 5000 முதல் 5600 கெல்வினுக்குள் இருக்கட்டும். இரண்டு விளக்கு வைத்தே தீர வேண்டும் என்றால் இரண்டும் ஒரே வகையாக, ஒரே சமயத்தில் வாங்கியவையாக இருப்பது உத்தமம்.

இன்னொன்று. சில எல்இடி விளக்குகளில் எடுத்தால் படத்தில் கிடைமட்டமாகக் கருமைப் பட்டைகள் விழும். கேமரா பழுது என்று பலர் பயந்து எழுதியிருக்கிறார்கள். பழுதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், பட்டை மறைந்துவிடும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டில் இருப்பவர்கள் 1/60 அல்லது 1/120 வைக்க வேண்டும்.

கேள்வி: வெள்ளைத் தாளில் வைத்து எடுக்கிறேன். தாள் சாம்பல் நிறமாகவே வருகிறது. தாள் மட்டமானதா?
– மெழுகுவத்தி செய்யும் வாசகி

தாள் நன்றாகத்தான் இருக்கிறது. கேமரா தன் எதிரே இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. வெள்ளையைக் காட்டினால் ‘இது மிக அதிகம்’ என்று குறைத்துவிடும். கறுப்பைக் காட்டினால் கூட்டிவிடும். செல்போனில் பொருளின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளுங்கள். கேமராவில் என்றால் அதன் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் வைத்துத் தொடங்குங்கள். மெழுகுவத்தியின் ஓரம் தாளோடு கரையத் தொடங்கும்போது நிறுத்தி ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள்.

தாளைச் சுவரோரம் மடிப்பு விழாமல் வளைத்து ஏற்றி ஒட்டினால் பின்னணியில் கோடு தெரியாது. மெழுகுவத்தியைப் பின்தாளிலிருந்து ஒரு முழமாவது முன்னால் நகர்த்தி வையுங்கள்.

கேள்வி: வெள்ளி மோதிரம், காதணி செய்கிறேன். எப்படி எடுத்தாலும் வெள்ளி கறுத்துத் தெரிகிறது. மெருகு போட்டுப் போட்டு விரல் தேய்ந்துவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டினால் ஓர் இடத்தில் மட்டும் வெள்ளையாகச் சுடர்கிறது, மீதி இன்னும் கறுப்பாகிறது.
– வெள்ளி நகை செய்யும் வாசகர்

இந்தக் கடிதத்துக்காகவே இந்த இதழில் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

ஸ்டுடியோவில் சேர்ந்த முதல் ஆண்டு, நாற்பது வெள்ளி மோதிரங்கள் அடுக்கிய ஒரு தட்டை என்னிடம் கொடுத்தார்கள். நீங்கள் செய்ததையே நானும் செய்தேன். முதலில் ஒரு விளக்கு; பிறகு இரண்டு; மாலைக்குள் நான்கு. மோதிரங்கள் கரித்துண்டு போல இருந்தன. அங்கே மூத்தவராக இருந்தவர் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் கொடுத்து, “கேமரா இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து மோதிரத்துக்குள் என்ன தெரிகிறது என்று சொல்” என்றார். பார்த்தேன். மோதிரத்தின் வளைவில் அந்த அறை முழுவதும் இருந்தது. இருண்ட கூரை, டிரைபாடின் மூன்று கால்கள், கறுப்புத் திரை, என் நீலச் சட்டை. நான்கு விளக்குகளும் நான்கு வெள்ளைப் புள்ளிகளாக, கடுகளவு. நான் மோதிரத்தைப் படம் எடுக்கவில்லை. ஸ்டுடியோவின் இருட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வேறொன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார்.

மெருகிட்ட வெள்ளிக்குத் தனியாக ஒரு தோற்றம் இல்லை. அது கண்ணாடி. தட்டையான கண்ணாடி எதிரே உள்ள ஒரு பகுதியை மட்டும் காட்டும். மோதிரம் போல வளைந்தது அறையில் உள்ள ஏறக்குறைய அனைத்தையும் இழுத்துத் தனக்குள் சுருக்கிக்கொள்ளும். எனவே வெள்ளி வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்றால், அது பார்க்கும் பொருள்கள் வெள்ளையாக இருக்க வேண்டும். விளக்கின் வலுவைக் கூட்டுவதால் இது நடக்காது.

செய்முறையைச் சொல்கிறேன். டிரேசிங் பேப்பரை ஒரு கூம்பாகச் சுருட்டுங்கள். அகன்ற வாய் கீழே, குறுகிய வாய் மேலே. மேல்வாய் லென்ஸ் பார்க்கும் அளவுக்கு இருந்தால் போதும். வெள்ளைத் தாளின் மேல் மோதிரத்தை வைத்து, கூம்பால் மூடி, மேலே உள்ள துளை வழியே எடுங்கள். விளக்கைக் கூம்புக்கு வெளியே ஒரு பக்கம் வையுங்கள். இப்போது மோதிரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெள்ளைத் தாளைத்தான் பார்க்கும். லென்ஸின் துளை மட்டும் ஒரு சிறு கறுப்புப் புள்ளியாகத் தெரியலாம். கேமராவை உயர்த்திக்கொண்டு ஜூம் செய்தால் அந்தப் புள்ளி சிறுத்துவிடும்.

சாய்வான கோணத்தில் எடுக்க வேண்டுமானால் கூம்பின் பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டுக்கொள்ளலாம். மோதிரத்தை நிமிர்த்தி நிறுத்த, அடியில் அரிசிமணியில் பாதி அளவு மெழுகு ஒட்டினால் நிற்கும்.

இத்தோடு நிறுத்திவிட்டால் உங்களுக்கு இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. முழுதும் வெள்ளையாகிவிட்ட மோதிரம் உலோகமாகவே தெரியாது. காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல இருக்கும். நம் கண் உலோகத்தை அடையாளம் காண்பது வெள்ளையும் கறுப்பும் சட்டென்று சந்திக்கும் கோட்டில். ஆகவே ஒரு கறுப்புத் தாளில் ஒரு செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, கூம்பின் உள்பக்கம் ஓரிடத்தில் ஒட்டுங்கள். கண்ணைக் கேமராவின் இடத்தில் வைத்தபடி கூம்பை மெதுவாகச் சுற்றுங்கள். மோதிரத்தின் தோளில் ஒரு கறுப்பு இழை ஓடி வரும். எங்கே வந்து நின்றால் வளைவு திரண்டு தெரிகிறதோ அங்கே கூம்பை நிறுத்துங்கள். 22 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இழை ஓடி வந்து நிற்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

மோதிரத்தில் கல் பதித்திருந்தால் ஒரு சேர்க்கை. பரவலான வெளிச்சத்தில் கல் உறங்கிவிடும். அதற்குக் கூர்மையான சிறு விளக்கு வேண்டும். கூம்பின் மேல்வாய் ஓரமாக ஒரு சிறு எல்இடி டார்ச்சைக் காட்டி, கல்லில் பொறி தெறிக்கும் கோணத்தைத் தேடிப் பிடியுங்கள். டார்ச்சின் நிறம் விளக்கின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போலரைசர் ஃபில்டர் போட்டால் பளபளப்பு அடங்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வார்னிஷ் பூசிய மரம், பிளாஸ்டிக், கண்ணாடி ஆகியவற்றின் மினுக்கை அது நன்றாகவே குறைக்கும். பூச்சில்லாத உலோகத்தில், லென்ஸில் மட்டும் போட்டால், பலன் இராது.

கேள்வி: சந்தையில் விற்கும் மடக்கு ஒளிப்பெட்டி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

மோதிரம், கைக்கடிகாரம், கரண்டி போன்றவற்றுக்கு உதவும். சோப்பு, பொம்மை, நெசவு, மண்கலம் ஆகியவற்றுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம் இருந்தால் மேடு பள்ளம் தெரியாது. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு பக்கச் சுவரின் உள்புறம் கறுப்பு அட்டை ஒன்றைச் சாய்த்து வைத்து எடுங்கள்.

கேள்வி: கண்ணாடிக் குப்பிகளில் வாசனைத் தைலம் அடைத்து விற்கிறேன். வெள்ளைப் பின்னணியில் குப்பியின் விளிம்பே தெரிவதில்லை. கூடவே, குப்பியையும் வெள்ளைப் பீங்கான் தட்டையும் சேர்த்து எடுத்தால் ஒன்று சரியாக வந்தால் மற்றது கெடுகிறது.
– தைலம் தயாரிக்கும் வாசகி

உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு வயது 180-க்கு மேல். தாளில் நெகட்டிவ் எடுத்து அதிலிருந்து படிகள் போடும் முறையைக் கண்டுபிடித்த ஃபாக்ஸ் டால்பட், 1844-இல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய தன் நூலில், அலமாரித் தட்டுகளில் அடுக்கிய பீங்கான்களுக்கு ஒரு படமும் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒரு படமும் தனித்தனியாக வைத்தார். இரண்டையும் சேர்த்து எடுத்தால் சரிவராது, கண்ணாடியின் உருவம் பதியத் தொடங்குவதற்குள் வெள்ளைப் பீங்கானின் உருவம் முடிந்துவிடும் என்று அங்கேயே குறித்திருக்கிறார். நீங்கள் கண்டதையே அவரும் கண்டிருக்கிறார். தனித்தனியாக எடுங்கள், அல்லது தட்டைக் கல் நிறத்துக்கோ மர நிறத்துக்கோ மாற்றுங்கள்.

விளிம்புக்கு வருவோம். கண்ணாடியின் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சுவதில் பயனில்லை. அது ஊடுருவிப் போய்விடும், அல்லது விளக்கையே திருப்பிக் காட்டும். பின்னணியைத்தான் ஒளிரவைக்க வேண்டும். குப்பிக்குப் பின்னால் இரண்டடி தள்ளி டிரேசிங் பேப்பர், அதற்கும் பின்னால் விளக்கு. முன்பக்கம் வேறு வெளிச்சம் வேண்டாம். பிறகு குப்பிக்கு இருபுறமும், படச் சட்டத்துக்குச் சற்று வெளியே, இரண்டு கறுப்பு அட்டைகளை நிறுத்துங்கள். குப்பியின் ஓரத்தில் கண்ணாடி வளைந்து வெளிச்சத்தைத் திருப்பும். அந்த வளைவு பக்கத்திலுள்ள கறுப்பை இழுத்து விளிம்பில் ஒரு கோடாக வரையும். பேனாவால் வரைந்தது போல இருக்கும். அட்டைகளை நெருக்கினால் கோடு தடிக்கும், விலக்கினால் மெலியும்.

இதையே தலைகீழாகவும் செய்யலாம். பின்னால் கறுப்புத் துணி. அதைவிட அகலமான வெள்ளைத் தாளை அதற்குப் பின்னால் ஒளிரவிட்டால், துணியின் இருபுறமும் வெள்ளை எட்டிப் பார்க்கும். குப்பி இருளில் நிற்கும், விளிம்பு மட்டும் வெள்ளிக் கம்பியாக ஒளிரும். அடர்நிறத் தைலத்துக்கு இது எடுப்பாக இருக்கிறது. இந்த முறையில் தூசி ஒன்றுவிடாமல் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

தைலத்தின் நிறம் மங்கலாக இருந்தால், குப்பியின் உருவத்தை ஒத்த ஒரு வெள்ளைத் தாளை வெட்டி, குப்பியைவிடச் சிறிதாக, அதன் பின்னால் மறைவாகச் சாய்த்து, வெளிச்சம் அதில் படும்படி வையுங்கள். தைலம் உள்ளிருந்து விளக்கேற்றியது போல நிறம் காட்டும். முன்பக்கம் ஒட்டிய லேபிளுக்கு மட்டும் சிறு வெள்ளை அட்டையால் கொஞ்சம் வெளிச்சம் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: கம்பளி நூலில் கழுத்துத் துண்டு பின்னி விற்கிறேன். சிவப்பு நிறத்தை வாங்கிய இருவர், படத்தில் பார்த்த சிவப்பு இதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் ஏமாற்றியதாக ஒருவர் எழுதியிருந்தார். மிகவும் வேதனையாக இருந்தது.
– பின்னல் வேலை செய்யும் வாசகி

உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஒரு முறை என் படத்தாலேயே ஒரு பின்னல்காரருக்கு இப்படி நேர்ந்தது. ஆழ்ந்த சிவப்பு செங்கல் நிறமாக வந்திருந்தது. அவசரத்தில் நான் ஒப்பிட்டுப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன். கெட்ட பெயர் அவருக்கு வந்தது. அன்றிலிருந்து நூலின் ஒரு துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்காமல் எந்தப் படத்தையும் கொடுப்பதில்லை.

சிவப்பு கெடுவதற்கு முதல் சந்தேகம் பல்பு. முன் பதிலில் சிஆர்ஐ என்று சொன்னேன் அல்லவா, அந்த எண் எட்டு மென்னிறங்களின் சராசரி. அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது மாதிரி. அது சராசரியில் சேர்வதில்லை. எனவே 80 என்று அச்சிட்ட பல்பு சிவப்பில் மிக மோசமாக இருக்கலாம். ஆர்9 என்று தனியாக அந்த அளவைப் போட்டிருக்கும் பல்புகள் கிடைக்கின்றன. எண் கூடுதலாக இருப்பதைப் பாருங்கள். சிவப்புத் துணிகளை நான் பகல் வெளிச்சத்தில் மட்டுமே எடுக்கிறேன்.

இரண்டாவது, சுற்றியுள்ள நிறம். பச்சை வண்ணம் அடித்த சுவருக்குப் பக்கத்தில் எடுத்தால் பச்சை துணிமேல் ஏறும். நீங்கள் உடுத்தியிருப்பதும் அப்படியே. வேலை நேரத்தில் நான் சாம்பல் நிற உடைதான் உடுத்துகிறேன்.

மூன்றாவது, கேமரா தானே நிறத்தை முடிவு செய்வது. படம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் அதைச் சமன்செய்வதாக நினைத்து நீலத்தைச் சேர்த்துவிடும். நடுநிலைச் சாம்பல் அட்டை ஒன்றைத் துணியின் மேல் வைத்து முதல் படத்தை எடுங்கள். பிறகு அட்டையை எடுத்துவிட்டு மற்றவற்றை எடுங்கள். கணினியிலோ போனிலோ படத்தைத் திருத்தும்போது, நிறச் சாய்வை நீக்கும் ஒயிட் பேலன்ஸ் கருவியால் அட்டையைத் தொட்டு, அதே அளவை மற்றப் படங்களுக்கும் கொடுங்கள். வெள்ளைத் தாளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். தாளை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் பொருள்கள் பகல் வெளிச்சத்தில் நீலம் காட்டும்.

அதன் பிறகு நிறத்தைத் தூக்கலாக்கும் ஃபில்டர் எதையும் தொடாதீர்கள். நிறம் மங்கலாகத் தெரிகிறது என்று மனம் தவிக்கும், தொடாதீர்கள். வாங்குபவர் கையால் தொட்டுப் பார்க்க முடியாத பொருளை உங்கள் படத்தை நம்பி வாங்குகிறார். விற்பனைப் பக்கத்தில், ‘இந்தச் சிவப்பு மாதுளை முத்தை விடச் சற்று அடர்த்தியானது’ என்பது போல ஒரு வரி எழுதிவையுங்கள். ஒவ்வொருவர் திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். அந்த வரி பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும்.

கேள்வி: செல்போனில்தான் எடுக்கிறேன். சிறிய பேனாக்களை நெருங்கி எடுத்தால் முனை பெரிதாகவும் வால் சிறிதாகவும் கோணலாகத் தெரிகிறது. ஒரு நண்பர் கேமரா கொடுத்தார். அதில் எடுத்தால் முனை மட்டும் தெளிவாக, மீதி எல்லாம் மங்கலாக வருகிறது.
– மரப் பேனா கடையும் வாசகர்

நெருங்குவதுதான் கோணலுக்குக் காரணம். லென்ஸிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் முனையும் 15 செ.மீ. தூரத்தில் வாலும் இருந்தால் முனை மூன்று மடங்கு பெரிதாகத்தான் தெரியும். பல செல்போன்கள் மிக நெருங்கினால் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். போன் தன் நிழலையும் பேனாமேல் போடும். இரண்டடி பின்வாங்கி, 2 அல்லது 3 மடங்கு ஜூம் லென்ஸில் எடுங்கள். அதற்கு முன் லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். விரல்ரேகை படிந்த லென்ஸ் வெளிச்சம் பட்ட இடத்தையெல்லாம் புகைமூட்டமாக்கும். போனை ஸ்டாண்டில் நிறுத்தி, மூன்று நொடி டைமர் வையுங்கள்.

கேமராவைப் பொறுத்தவரை: பொருளை உண்மை அளவிலேயே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் பரப்பில்) விழச் செய்யும் அளவுக்கு நெருங்கினால், பெரிய சென்சார் கேமராவில் எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண்; எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தாலும் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். எஃப் 22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் படம் முழுவதும் கூர்மை குறையும். நான் எஃப் 11-க்கு மேல் போவதில்லை. முனையும் வாலும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி, பேனாவை லென்ஸின் முகப்புக்கு இணையாகப் படுக்க வைப்பதே எளிய தீர்வு. சாய்வாகத்தான் வேண்டும் என்றால் சற்று விலகி எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: படம் எடுத்து முடித்துத் திரையில் பார்த்தால் ஆயிரம் தூசி. ஒவ்வொன்றாக அழிப்பதில் இரவு போய்விடுகிறது.
– கைக்கடிகாரம் பழுது பார்த்து விற்கும் வாசகர்

எடுப்பதற்கு முன் செலவழிக்கும் ஐந்து நிமிடம் அந்த இரவை மீட்டுத் தரும். பஞ்சால் துடைக்காதீர்கள், பஞ்சு தன் இழையை விட்டுச் செல்லும். மூக்குக் கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, மெல்லிய ஓவியத் தூரிகை, ரப்பர் ஊதுகுமிழ் இம்மூன்றும் போதும். வாயால் ஊதினால் ஈரம் தெறிக்கும். துடைத்த பிறகு விரல் படாமல் இருக்க மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து ஒரு முறை சுற்றிப் பார்த்தால், சோப்பின் இலை நரம்பு எழுந்தது போலவே தூசியும் எழுந்து காட்டும். அப்போது தூரிகையால் எடுத்துவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, உடனே எடுத்துவிடுங்கள். கடிகாரத்தின் கண்ணாடியில் உங்கள் முகமும் கேமராவும் தெரிந்தால், மோதிரத்துக்குச் சொன்ன கூம்பைப் போட்டுப் பாருங்கள். முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தினால் நடுவிலுள்ள பெயர் மறையாது.